எட்டாத ஓஸ்

“சார், இந்த ஏசிய உட்டுடலாம். நான் சொல்றதக் கேளு சார்,” என்றான் மெக்கானிக் சடையப்பன், கிரீஸ் கையைப் பழைய துணியில் துடைத்தபடி.

பார்த்தசாரதி மாட்டேன் என்று தலையசைத்தார். கல்பாக்கத்தில் உத்தியோகம். சமீபத்தில்தான் குடும்பத்தோடு கூடுவாஞ்சேரிக்குக் குடிவந்தவர்.

அவருடைய அம்பாசிடர் செங்கல்பட்டுப் பட்டறைக்கு வந்த நாளிலிருந்தே சடையப்பனுக்குப் பேஜார்தான். உப்பு ஏறித் துருப்பிடித்துப்போன பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜினை உட்கார வைத்தாயிற்று. அதில் ஏசி கம்ப்ரஸர் மறுபக்கம் இருந்தது. கேஸ் போகிற பழைய ரப்பர் ஓஸ் அதுவரை எட்டவில்லை. நடுவில் குழாய் வைத்து ஒட்டுப் போட்டான். கேஸ் முழுக்கக் கசிந்தது. சென்னைக்குப் போய் நீளமாக ஒன்று செய்துவந்தான். அது சைலன்ஸர் குழாயில் பட்டு வெந்துவிட்டது. போதும்டா சாமி என்றிருந்தது அவனுக்கு.

“பாப்பா கல்யாணம் மாமல்லபுரத்துலதான சார்? கடலோர ரோட்ல கண்ணாடிய எறக்கினா காத்து பிச்சிகினு வரும். அங்க போயி இன்னாத்துக்கு ஏசி?”

“ஏசி இல்லாம அவ அம்மா வரமாட்டாப்பா. பெத்தவ இல்லாம எப்படிக் கல்யாணம் பண்றது? நாளைக்குக் கிளம்பணும். கதவு ரப்பரையும் மாத்திடு. கண்ணாடி இறுக்கமா மூடணும்.”

மகள் கல்யாணத்துக்கே ஏசி கேட்கிற அம்மாவா என்று சடையப்பனுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தபின் மறுக்க வாய் வரவில்லை. ஒழுங்காகத் தூங்கிப் பல நாளான முகம். சடையப்பன் மறுபடி படுத்து, ரேடியேட்டருக்கு முன்பக்கமாக ஓஸைச் சுற்றியெடுத்துப் பூட்டினான். ஒருவழியாகக் குளிர்ந்தது.

வழியில் மக்கர் பண்ணினால் பேர் கெட்டுவிடும் என்று மறுநாள் தானே வண்டியை ஓட்டிப் போனான். பின்சீட்டில் பார்த்தசாரதியின் மனைவி சகுந்தலா. திருக்கழுக்குன்றம் தாண்டிக் கடலோரச் சாலை ஏறியதும் சடையப்பன் திரும்பிப் பார்த்தான். பட்டு முந்தானையைக் காது மூடப் போர்த்திக்கொண்டு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார்.

இதற்கா இத்தனை பாடுபட்டோம் என்று நொந்துபோனான்.

“இன்னாம்மா, இப்டிக் குளிருதா? கொஞ்சம் வெளிக்காத்து வாங்குங்க,” என்று ஏசியை அணைத்துவிட்டுத் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கப் போனான்.

முன்சீட்டில் இருந்த பார்த்தசாரதி சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். குரல் அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

“இறக்காதப்பா. எங்க பையன் விஷாலை சுனாமி கொண்டுபோனதுலேருந்து அவளால அலைச் சத்தத்தைக் கேக்க முடியல. மண்டபத்துக்குள்ள போயிட்டா மேளச் சத்தம் இருக்கும், அதுவரைக்கும் கண்ணாடி மூடியிருந்தாப் போதும்.”