பக்கவாட்டில் பார்க்க வேண்டிய கிரகம்

"டீச்சரம்மா, மாரியம்மன் சத்தியமாச் சொல்றேன். நான் இப்ப சொல்லப்போறதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா, இந்த நாக்கு இங்கேயே அறுந்து விழட்டும்."

இருளாண்டி நாக்கை நீட்டியும் காட்டினார். அது விழவில்லை.

அஜிதா டீச்சர் கையிலிருந்த பிளேன்டீயை ஒரு மிடறு குடித்தாள். உக்குவளையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வானம் காட்ட ஒரு தொலைநோக்கி தேடி, விளம்பரத்தைப் பார்த்துவிட்டு பலாபத்வலைக்கு த்ரீவீலில் வந்திருந்தாள்.

விளம்பரம் போட்டது இருளாண்டி இல்லை, அவர் மனைவி நல்லம்மா. மிளகு காயப்போடுகிற வாசலில் நட்டநடுவே மூன்று காலையும் விரித்துக்கொண்டு அது நிற்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

லொறி ஓட்டி ஓய்வுபெற்ற இருளாண்டிக்கோ அது போனால் உயிர் போன மாதிரி. சித்திரையில் மருமகன் யோகேந்திரன் கத்தாரிலிருந்து கொண்டுவந்து இறக்கிய நாள் முதல், மழையில்லாத நாளெல்லாம் ஆறு மணிக்கே நாற்காலி, பிளாஸ்க், நுளம்புச்சுருள், சிவப்பு டோர்ச் சகிதம் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். எழும்ப ஒன்பதாகும். அந்த மூன்று மணி நேரமும் தேங்காய் துருவக்கூட அவரை யாரும் கூப்பிடக் கூடாது. ஆராய்ச்சி. பனிக்கும் மிளகுத் தூசுக்கும் பயந்து, குழாயின் முன்வாயில் நல்லம்மாவின் பழைய சேலையைச் சுற்றி முடிச்சுப் போட்டு, பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டார்.

"மொத நாளு சனியைப் பாத்தேன். வளையம் கர்ருன்னு சுத்துது, தேயிலை ஸ்டோர்ல ரோலர் சுத்துற மாதிரி. அந்தக் காத்துல என் மீசை ஆடுச்சு."

"சனியோட வளையத்துல சத்தம் கேக்காதே, ஐயா."

"மத்த டெலஸ்கோப்புல கேக்காது. இது நல்ல சாமான்."

சொன்ன பிறகுதான், விற்கக் கூடாத சாமானைப் புகழ்ந்துவிட்டோமே என்று அவருக்கு உறைத்தது. அவசரமாகத் தொண்டையைச் செருமினார்.

"ஆபத்தும் அங்கதான் இருக்கு. கோயில்ல சனீஸ்வரனை நேருக்கு நேரா நின்னா கும்பிடுவீங்க?"

"இல்ல. கொஞ்சம் ஒதுங்கி நிப்போம்."

"சின்னச் செலைக்கே ஒதுங்கணும்னா, நெசமான ஆளை நூறு மடங்கு பெருசாக்கி மூஞ்சிக்கு நேரா வச்சுப் பாத்தா என்னாகும்? வெள்ளைக்காரனுக்கே பயம். அதான் கண்ணு வைக்கிற எடத்த நேரா வைக்காம, பக்கவாட்டுல திருப்பி வச்சிருக்கான்."

"அது கழுத்து வலிக்காம பாக்கிறதுக்கு, ஐயா. உள்ள ஒரு கண்ணாடி இருக்கு."

"வெளிய அப்படித்தான் சொல்லிக்கிறான்."

நல்லம்மா மிளகைக் கிளறிக்கொண்டே, "டீச்சர், இந்த மனுசன் பேச்சக் கேக்காதீங்க" என்றாள்.

"அதோட விட்டேனா? ரெண்டு மடங்கு பெருசாக் காட்டுற லென்ஸ் ஒண்ணு இருக்கு. அதையும் மாட்டிப் பாத்தேன். ஏழரை வருசச் சனி பதினஞ்சு வருசமாயிருச்சு. நெலாவுக்குப் போடுற கறுப்புக் கண்ணாடியப் போடாம நெலாவப் பாத்தேன். தலைமுடி அத்தனையும் கொட்டிருச்சு."

"கலியாணத்தன்னைக்கே தலப்பாவுக்குள்ள ஒண்ணும் இல்ல" என்றாள் நல்லம்மா.

"பக்கத்து வீட்டு ஹுசைன் நானா ஒரே ஒரு தடவ பாத்தாரு. மறுநாளே அவரு கோழி ரெண்டும் முட்டை போடுறத நிப்பாட்டிருச்சு."

"அது ரெண்டும் சேவல்" என்று நல்லம்மா திருத்தினாள்.

"முந்தி இல்ல. அவரு பாத்ததுக்கப்புறம்தான் அப்படி ஆச்சு."

அஜிதாவுக்குப் பிளேன்டீ புரையேறியது. சிரித்து முடித்து, காசை எடுக்கக் கைப்பையைத் திறந்தாள். ஒரு விஞ்ஞான டீச்சரைச் சனியால் அசைக்க முடியவில்லை. கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"சிரிக்காதீங்க டீச்சரம்மா. இங்கின ஒரு போஸ்ட்மாஸ்டர் இருந்தாரு. எட்டு வருசமா அவர யாராலயும் அசைக்க முடியல. ஆசையாக் கேட்டாரேன்னு சனியக் காட்டினேன். அடுத்த வாரமே ட்ரான்ஸ்பர். பஸ்ஸே ஒழுங்காப் போகாத பல்லேகமைக்கு."

அஜிதாவின் சிரிப்பு நின்றது. கைப்பை மூடிக்கொண்டது. இருளாண்டி மனதுக்குள் அம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்தார்.

"ஒரே வாரத்துலயா, ஐயா?"

"ஏழாம் நாளு கடுதாசி வந்துருச்சு."

"எந்த லென்ஸ்ல பாத்தாரு?"

"அந்த ரெண்டு மடங்கு லென்ஸ்லதான். வேணாம்னு சொன்னேன், கேக்கல."

அஜிதா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அந்த லென்ஸும் இதோட வருமா?"

இருளாண்டி தொலைநோக்கியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க பிரின்சிபல் ஒம்பது வருசமா எங்க ஸ்கூல்லயேதான் இருக்கார், ஐயா" என்றாள் அஜிதா. "அவருக்கு வானத்தப் பாக்கிறதுன்னா ரொம்பப் பிரியம். பிள்ளைகளுக்கு முந்தி அவருக்குத்தான் காட்டணும்."

போஸ்ட்மாஸ்டர் கதை பொய் என்று சொல்லிவிடலாம். ஆனால் அம்மன் மேல் சத்தியம் பண்ணிய நாக்கு இன்னும் வாயில்தான் இருந்தது. அதை இழக்க அவருக்கு மனமில்லை.

த்ரீவீல்காரர் வந்து மூன்று கால்களையும் மடக்கினார். அஜிதா நல்லம்மாவிடம் காசைக் கொடுத்துவிட்டு, லென்ஸ் பெட்டியை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். இருளாண்டி வெறும் நாற்காலியையும் பிளாஸ்க்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏங்க, ஆறு மணிக்கு ஒரு தேங்காய் துருவணும்" என்றாள் நல்லம்மா. பிறகு த்ரீவீலுக்குப் பின்னால் ஓடினாள். "கொஞ்சம் நில்லுங்க, சேலை என்னோடது."

முடிச்சை அவிழ்த்துச் சேலையை உருவினாள். குழாயின் முன்வாய் மூடியைச் சுற்றிக் கம்பனிக்காரன் ஒட்டி அனுப்பிய டேப், ஒரு நுனிகூடக் கிளம்பாமல் அப்படியே இருந்தது.