பிரிக்காத பதினொன்று

அவன் துணிப்பையைத் திறந்து பார்த்தான்.

பதினொன்றும் இருந்தன.

மாதம் ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமைக்கு ஒரு கார். எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி இரும்புக் கார்கள். கடையில் தொங்கியபடியே, அட்டையும் மேலே பிளாஸ்டிக் மூடியுமாக அப்படியே இருந்தன. ஓர் அட்டையின் முனைகூட மடங்கவில்லை.

"ஒண்ணுகூடப் பிரிக்கலப்பா" என்றாள் நறுமுகை.

அவன் மகள். ஏழு வயது. சபாஷ் வாங்கக் காத்திருக்கிற முகம்.

குடும்ப நீதிமன்றத்தின் குழந்தைகள் அறை. மாதம் ஒருமுறை அவளை இங்கேதான் பார்க்கலாம். சுவரில் யாரோ வரைந்த யானை. வாசலருகே நோட்டை வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வந்த நேரமும் போகிற நேரமும் எழுதுவது அவர் வேலை.

செவ்வாய்க்கிழமை நறுமுகை அம்மாவோடு மஸ்கட்டுக்கே குடிபோகிறாள். இவ்வளவு அட்டைக்குப் பெட்டியில் இடமில்லை என்று அம்மா சொல்லிவிட்டாளாம். அதனால் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள்.

"நீயே பத்திரமா வச்சுக்கோப்பா. பிரிச்சா மதிப்பு போயிடும்ல?"

அந்த வார்த்தை அவனுடையது.

அவன் வீட்டுச் சுவரில் முந்நூற்று நாற்பது கார்கள் தொங்குகின்றன. ஒன்றைக்கூட அட்டையிலிருந்து எடுத்ததில்லை. சேகரிப்பவன் பிரிக்க மாட்டான். அது அவர்கள் கூட்டத்தின் சட்டம்.

ஆனால் தீர்ப்பு மட்டும் தாராளமாகச் சொல்வான். வாட்ஸப் குழுவில் அவனைக் கேட்காமல் யாரும் வாங்குவதில்லை. சிவப்பு அட்டைக் கம்பெனிக்கு ரப்பர் டயர், அடிப்பாகம் இரும்பு, பெயின்ட் கண்ணாடி மாதிரி. நீல அட்டை வெறும் பிளாஸ்டிக் சக்கரம், பக்கத்திலேயே போகாதீர்கள். எல்லாம் மூடிக்கு வெளியே இருந்து பார்த்துச் சொன்னதுதான். போட்டோவைப் பார்த்தே பெண்ணின் குணத்தைச் சொல்கிற கல்யாணத் தரகர் மாதிரி.

நறுமுகை நான்கு வயதில் ஒருநாள் ஒன்றைப் பிரித்துவிட்டாள். அவன் ஆறு மாதம் தேடிப் பிடித்தது. கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். பிரித்தால் மதிப்புப் போச்சு என்று எத்தனை தடவை சொல்வது என்று.

வெளியே வந்த குழந்தை நின்ற இடத்திலேயே நனைத்துக்கொண்டது.

மனைவி துணியோடு வந்தாள். தரையைத் துடைத்தாள். துடைத்து முடித்து அவனை ஒருமுறை பார்த்தாள்.

அதனால்தான் போனாள் என்று சொல்ல முடியாது. அதனால் இல்லை என்றும் அவனால் சொல்ல முடியவில்லை.

இந்தப் பதினொன்றையும் அவள் விளையாடத்தான் வாங்கினான். பத்து சிவப்பு அட்டை. கிடைக்காத ஒரு மாதம் மட்டும் நீல அட்டை. கதவு திறக்கிறதா, கூர் முனை கையில் குத்துமா என்று பார்த்துப் பார்த்து எடுத்தான். பிரித்து விளையாடு என்று மட்டும் சொல்லவில்லை. குழந்தையிடம் அதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்ன என்று இருந்துவிட்டான்.

வெட்கமாக இருந்தது. இந்தப் பையோடு வீட்டுக்குப் போய், மறுபடியும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

வீட்டுச் சாவியை எடுத்தான். சிவப்பு அட்டை ஒன்றின் ஓரத்தில் குத்தி இழுத்தான்.

சர்ரென்று கிழிந்தது.

நறுமுகை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் போனாள். வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் இல்ல ஆன்ட்டி. அப்பாதான் பிரிச்சாங்க."

அவன் தரையில் மண்டியிட்டான். மஞ்சள் ஜீப்பை வைத்து, அவள் பக்கம் தள்ளிவிட்டான்.

அது இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் நாற்காலிக் காலில் முட்டி நின்றது.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று குழுவில் இதைத்தான் எழுதியிருந்தான். இருநூறு பேராவது வாங்கியிருப்பார்கள்.

நீல அட்டையைக் கிழித்தான். பச்சைக் கார். சக்கரம் வெறும் பிளாஸ்டிக். தள்ளினான்.

கோடு போட்ட மாதிரி ஓடி, அவள் செருப்பைத் தொட்டு நின்றது.

அவள் குனியவில்லை. காரைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கத்துவான் என்று காத்திருந்தாள். அவன் கத்தவில்லை.

பிறகு மெல்ல உட்கார்ந்து, ஒரு விரலால் திருப்பித் தள்ளினாள்.

கார் அவனிடம் வந்தது.

அவன் மறுபடியும் அனுப்பினான். அவள் மறுபடியும் அனுப்பினாள். நான்காவது தடவை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். கேட்கலாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"இதுக்கு இனிமே மதிப்பு இல்லதானேப்பா?"

"இல்லம்மா."

"அப்ப நான் எடுத்துக்கவா?"

எடுத்துக்கொள் என்று தலையாட்டினான். அவள் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அட்டை இல்லாமல் அது துளி இடம்தான் பிடித்தது.

"இன்னும் பத்து நிமிஷம் சார்" என்றார் வாசலில் இருந்த அம்மாள்.

பையில் ஒன்பது அட்டைகள் மீதி இருந்தன.

அவன் சாவியை எடுத்தான்.