காரணம்: பொறாமை

மாப்பிள்ளை இடது காலைப் படியில் வைத்து, கதவோரக் கம்பியைப் பிடித்து லாரியில் ஏறப்போன சமயத்தில், பின்னாலிருந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டேன்.

மல்லாக்க விழுந்தான். முதுகு சிமெண்ட் தரையில் மோதிய சத்தம் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

அவன் எழுவதற்குள் வயிற்றில் மிதித்தேன்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை புருஷன். கிடங்கில் என்னோடு மூட்டை தூக்கியவன். சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி எல்லாம் கம்பெனி பொறுப்பு, ஆறே வாரத்தில் லைசென்ஸ், கையோடு வேலை என்று சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை அவனுக்குப் படித்துக் காட்டியவனே நான்தான்.

அன்றைக்குக் கடைசித் தேர்வு. எனக்கு அடுத்து அவன்.

நான் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு கம்பத்தைச் சாய்த்திருந்தேன். அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று தேர்வு அதிகாரி சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை. எங்கள் எட்டு பேரில் அவன்தான் கெட்டிக்காரன் என்பது பயிற்சியாளர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் தெரியும்.

அவன் எழுந்தான். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான். என்னைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை.

திருப்பி அடிக்கவும் இல்லை.

அடிக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். பயிற்சித் தளத்தில் கைகலப்பு நடந்தால் அடித்தவன், திருப்பி அடித்தவன் இரண்டு பேருமே வெளியே. பெயர் மற்ற கம்பெனிகளுக்கும் போய்விடும். அதற்குப் பிறகு எவனும் ஸ்டியரிங்கைத் தொடவிடமாட்டான். முதல் நாளே அதைப் படித்துக் காட்டி எங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு மறுபடியும் படியை நோக்கி நடந்தான்.

முகத்தில் குத்தினேன். உதடு கிழிந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு நடந்தான். காதோடு சேர்த்து அறைந்தேன். தள்ளாடினான், நின்றான், நடந்தான். காலைப் படியில் வைத்துவிட்டான்.

அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். என் தங்கையைப் பற்றி. கூடப்பிறந்தவன் வாயில் வரவே கூடாத வார்த்தை. எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

படியிலிருந்து கால் இறங்கியது.

அவன் விட்ட முதல் குத்திலேயே என் மூக்கு உடைந்தது. இரண்டாவது குத்து எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. நான் தரையில் கிடந்தேன், அவன் என் மேல் இருந்தான். மூட்டை தூக்கிய கை, சும்மாவா? கடைவாயில் ஏதோ உடைந்து நாக்கில் உருண்டது. அவன் அழுதுகொண்டே அடித்தான்.

என் கைக்கு எட்டியது, சக்கரம் உருளாமல் முட்டுக் கொடுக்கும் கட்டை. அதை எடுத்து அவன் விலாவில் இடித்தேன். சரிந்தான். வலது கையைத் தரையில் ஊன்றி எழப் பார்த்தான். அந்த மணிக்கட்டில் கட்டையை இறக்கினேன்.

காய்ந்த குச்சி முறிகிற மாதிரிதான் கேட்டது. பெரிய சத்தமில்லை.

அதற்குப் பிறகுதான் நான்கு பேர் சேர்ந்து என்னைப் பிடித்தார்கள். பயிற்சியாளர் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

"உன் தங்கச்சி புருஷன்டா அவன். மனுஷனா நீ?"

மேலாளர் அறையில் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் கை துண்டுக்குள் இருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் மேலாளர் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். இருவர் பெயரையும் எழுதினார். என்ன காரணம் என்று என்னைக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

மாப்பிள்ளைதான் பதில் சொன்னான்.

"பொறாமை சார். வேற ஒண்ணுமில்ல."

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

அதற்குள் யாரோ தங்கைக்குச் சொல்லிவிட்டார்கள். போனில் அவள் கத்தவில்லை. தனக்கு அண்ணன் என்று ஒருத்தன் இருந்ததையே மறந்துவிடப் போவதாக நிதானமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

தேர்வுக்கு மூன்று நாள் முன்பு, முற்பகல். பயிற்சியாளர் போன் பேச கொட்டகைக்குள் போயிருந்தார். மாப்பிள்ளை ஓட்டினான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தளத்தைச் சும்மா இரண்டு சுற்று சுற்றச் சொல்லியிருந்தார்.

ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நுரை வந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. ஆக்சிலேட்டரில் கால் இறுகிப்போயிருந்தது. கை பிரேக்கை இழுத்து, அவன் காலைப் பிடித்துத் தூக்கி, எப்படியோ வண்டியை நிறுத்திவிட்டேன்.

நினைவு திரும்பியதும் முதலில் நனைந்திருந்த பேண்டைத்தான் பார்த்தான். குழந்தை பிறந்த பிறகு இது மூன்றாவது தடவையாம். தங்கைக்குத் தெரியாதாம். என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, பாப்பா மேல் சத்தியம் பண்ணச் சொன்னான். கம்பெனிக்கும் சொல்லக்கூடாது, அவளுக்கும் சொல்லக்கூடாது.

பண்ணிக்கொடுத்தேன்.

லாரியின் முகப்புக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. எஞ்சினை அணைத்த பிறகுதான் காதில் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.