நிலையான பதிப்பு

“நிஜமாவா சொல்றே? இனிமே கம்ப்யூட்டர் படுத்துக்காதா?”

ஷிப்ட் முடிந்து வந்த கணவர் தோள்பையைக்கூட இறக்காமல் கேட்டார்.

“படுக்காது. அதை இயக்கற லினக்ஸோட சோதனைப் பதிப்பைத் தூக்கிட்டு, நிலையான பதிப்பைப் போடறேன்” என்றாள் மனைவி. மொழிபெயர்ப்புக் கோப்புகளை எல்லாம் முன்கூட்டியே தனி டிஸ்கில் எடுத்து வைத்திருந்தாள். திரையில் நீலக் கோடு முக்கால்வாசி தாண்டியிருந்தது.

“உனக்குக் கோடிப் புண்ணியம்! ரொம்ப நன்றிம்மா.”

அவர் நெகிழ்ந்து போனதில் நியாயம் இருந்தது. இரண்டு வருஷமாக அந்தக் கம்ப்யூட்டர் வீட்டையே பாடாய்ப் படுத்தியது. ஒரு வாரம் சத்தம் வராது. மறு வாரம் திரை கறுத்துவிடும். மகளின் பரீட்சைக்கு முந்தின நாள் பார்த்து பிரிண்டர் மக்கர் செய்தது. ஒருமுறை நாற்பது பக்க மொழிபெயர்ப்பு போன இடம் தெரியவில்லை. வேலை கொடுத்தவரும் அதோடு போய்விட்டார்.

ஒவ்வொரு முறையும் மனைவி பதறாமல் உட்கார்ந்து, எங்கே தப்பு என்று தோண்டி, லினக்ஸை உருவாக்குபவர்களுக்கு நீளமாக எழுதிப் போடுவாள்.

“அவங்க தப்பைக் கண்டுபிடிக்க நீ ஏன் ஓசியில உழைக்கிறே? ஊரே நிலையான பதிப்பை வெச்சிருக்கு. உனக்கு மட்டும் என்ன பிடிவாதம்?” என்று அவர் கத்தாத வாரமில்லை.

இன்று குரல் தணிந்திருந்தது. “இப்ப எப்படிம்மா மனசு மாறினே?”

“மாறலீங்க. இத்தனை நாள் சோதனையில இருந்ததுதான் நேத்து நிலையான பதிப்பா வந்திருக்கு. நான் எழுதின பதினேழு தப்பையும் சரிபண்ணிட்டாங்க.”

“அதனால நமக்கென்ன?”

மனைவி நாற்காலியைத் திருப்பினாள். “உங்க வேலையிடத்துல அடுத்த மாசம் இதைத்தான் போடறாங்க. இதுதான் வரப்போகுது, இதுல என்னென்ன ஓடப்போகுதுன்னு அங்க இருக்கற இன்ஜினீயரம்மாகிட்ட அப்பவே கேட்டு வெச்சுக்கிட்டேன். அங்க ஓடப்போற அதே ப்ரோகிராம்களை நம்ம வீட்டுல ஓட்டினேன். விழறதெல்லாம் இங்கேயே விழட்டும்னு விட்டேன்.”

“அங்க எந்தக் கம்ப்யூட்டர்ல?”

“சுரங்கத்து லிஃப்ட்டை ஓட்டுதே, அதுல. ரெண்டு வருஷம் முன்னாடி அது உறைஞ்சு நின்னு, பூமிக்கடியில நீங்க ஏழு மணி நேரம் தொங்கிட்டு இருந்தீங்களே!”