பழைய பிக்கப்

இப்போதெல்லாம் சாமான் கெட்டால் எவனும் உண்மையைச் சொல்வதில்லை. திருமங்கலத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் என் கடைக்கு எலெக்ட்ரிக் கிதாரோடு வந்த இம்மானுவேலும், "தானா ஊமையாயிருச்சுண்ணே" என்றான். எதிர் மைதானத்தில் அன்று சாயங்காலம் கச்சேரி. அவன் வாசிக்காவிட்டால் குழுவில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

கம்பிகளுக்கு அடியில் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்பில் மீட்டரை வைத்தேன். முள் அசையவில்லை, உள்ளே காயில் அறுந்திருந்தது. உடனே அவன் ஓடிப்போய் வாங்கி வந்த புதியதை அளந்து பார்த்துத்தான் மாட்டினேன். பழையது மீட்டர் கிளிப்போடு மேஜையிலேயே கிடந்தது.

"மாப்ள, இனி தப்பா வாசிச்சுட்டு எம்மேல பழி போடாத" என்றேன்.

அவன் வாசித்த வாசிப்பில் மைதானமே எழுந்து நின்றது. குழுத்தலைவரே மாலை போட்டார். கடையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் பெருமைதான். திரும்பினால், மேஜையில் பழைய பிக்கப்போடு கிடந்த மீட்டரின் முள் பாட்டுக்குத் தக்கபடி ஆடுகிறது. கிளிப்பைக் கழற்றினால் நின்றது, மாட்டினால் ஆடியது.

கச்சேரி முடிந்து, கிதாரைப் பையில் போட்டுக்கொண்டு மாலையோடு வந்தான். முள் அப்போதும் ஆடியது. குனிந்து பார்த்தவன் விரலால் தாளம் போட்டான்.

"நாளைக்கு வாசிக்கிற பாட்டுண்ணே இது."

"மீட்டரு கெட்டுப்போச்சுடா" என்று சொல்லிவிட்டு, டீக்கடைக்கு நடந்தேன்.