மூன்றாவது கடிதம்

“புத்தி இருக்கா உனக்கு? முதியோர் இல்லத்துல படுக்கை துணி மாத்துற ஆயாகிட்டயா போய் சிபாரிசுக் கடிதம் வாங்குவே?” என்றாள் அறைத்தோழி டெஸ்.

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துக்கு மார்லாவுக்கு மூன்று கடிதங்கள் வேண்டும். இரண்டைப் பேராசிரியர்கள் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது, அவள் பகுதிநேரமாக வேலை செய்யும் முதியோர் இல்லத்திலிருந்து.

“வெர்னாவும் நானும் மூணு வருஷமா ஒரே ஷிப்ட். என்னைப் பத்தி அவங்களுக்குத்தான்டி தெரியும்.”

“தெரிஞ்சு என்ன பண்ண? பேருக்குப் பின்னால எம்.டி. இருக்கா? அங்க வர்ற டாக்டரைக் கேளு.”

டாக்டர் ப்ரெஸ்காட் புதன்கிழமை மட்டும் வருவார். வந்தால் அரை மணி நேரம்.

கேட்டாள். “தாராளமா எழுதிடலாம், மார்த்தா,” என்றார். பெயரைத் திருத்த அவளுக்கு வாய் வரவில்லை.

அன்று மதியமே வெர்னா, துவைத்த போர்வையை மடித்தபடி கேட்டாள்: “ஏன் கண்ணு, ஏதோ கடிதாசி வேணுமாமே? நான் எழுதித் தரட்டுமா?”

“டாக்டருங்கதான் எழுதணும்னு விதி இருக்கு, வெர்னா.”

அப்படி ஒரு விதி எங்கேயும் கிடையாது.

“அதுவும் சரிதான். நான் எழுதினா உன்னை வாசல்லயே நிறுத்திருவாங்க,” என்று வெர்னா சிரித்தாள். மார்லா குனிந்து போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்டோபரில் வெர்னா மாரடைப்பில் போய்விட்டாள். அடக்கத்தின்போது மார்லா கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதாள். ஒரு பொய்யைச் சொல்லி அந்த நல்ல மனசை ஒதுக்கிவிட்டோமே என்பதுதான் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்கவும் இனி ஆள் இல்லை.

நவம்பரில் சின்சினாட்டி மருத்துவக் கல்லூரியில் நேர்காணல். எதிரே இருந்த பெண் டாக்டர் கோப்பைத் திறந்தார்.

“உன்னைப் பத்தி எழுதினதை உனக்குக் காட்டக் கூடாது. ஆனா இந்த ஒரு இடத்தைப் படிக்காம இருக்க மனசு கேக்கல.”

படித்தார்: ‘ஒரு திங்கட்கிழமை திருமதி ஹாலொரன் இறந்துபோனார். உதட்டுச் சாயம் பூசாமல் அவர் ஒருநாளும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்ததில்லை. மகள் வந்து பார்ப்பதற்குள் இந்தப் பெண் அவருக்குத் தலை சீவி, சாயம் பூசிவிட்டாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. பூசி முடிக்கும்வரை அவரோடு பேசிக்கொண்டே இருந்தாள்.’

கீழே டாக்டர் ப்ரெஸ்காட்டின் கையெழுத்து.

அன்று அந்த அறையில் டாக்டர் இல்லை. இறந்தவரின் தலையைத் தாங்கிப் பிடித்தபடி வெர்னா மட்டும்தான் கூட இருந்தாள். எழுதுகிற வேலையை டாக்டர் யார் தலையில் கட்டியிருக்கிறார் என்பது மார்லாவுக்கு இப்போதுதான் புரிந்தது.

“சரியான ஆளாப் பாத்துத்தான் கேட்டிருக்கே,” என்றார் எதிரே இருந்தவர்.

“நான் அவங்களைக் கேக்கவே இல்ல, டாக்டர்,” என்றாள் மார்லா.