சைவ நாய்க்குட்டி

கோழிக்கடை வாசலில் நாய்க்குட்டியை இறக்கிவிட்டு நகர்ந்த காஞ்சனாவைக் கடைக்காரர் கை தட்டிக் கூப்பிட்டார்.

"ஏம்மா, வளர்க்க வக்கில்லேன்னா எதுக்கு வாங்கியாறீங்க? பச்சைக் கொழந்தை மாதிரி கீது. நடுரோட்டுல வுட்டுட்டுப் போறியே, மனசு வருதா உனக்கு?"

"இங்க இருந்தா தோலோ கொடலோ துன்னு பொழைச்சுக்கும்ணா."

அதற்கு மேல் நின்றால் அழுதுவிடுவாள். காலைச் சுற்றிய குட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

பார்த்தவர்கள் ஆயிரம் சொல்வார்கள். பட்டவளுக்குத்தானே தெரியும்?

காஞ்சனாவுக்கு இதுதான் முதல் நாய். விஜயபுரம் பக்கத்தில் அவள் பிறந்த வீட்டில் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். நாய் வளர்ப்பதெல்லாம் நிலம் வைத்திருந்தவர்கள் வேலை. திருப்பதிக்கு வந்து, மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிற வேலையில் உட்கார்ந்த பிறகுதான் அந்த ஆசையே எட்டிப் பார்த்தது. கூட வேலை செய்கிற பெண் கொடுத்த குட்டி. உப்பலாக இருந்ததால் பூரி என்று பேர் வைத்தாள்.

ஆசை இருந்து என்ன பண்ண? குடியிருப்பது நாகபூஷணம் வீட்டு மாடியில் ஆயிற்றே!

"முட்டை, மீனு, கறி எதுவும் கூடாது. வாசனை வந்தா அன்னிக்கே காலி" என்பது அவர் சட்டம். "நாங்க சுத்த சைவம் சார்" என்று காஞ்சனாவும் புருஷன் கோவர்த்தனனும் வாய் கூசாமல் புளுகித்தான் சாவி வாங்கினார்கள். ஒருநாள் நெத்திலி வறுத்ததற்காக முன்பிருந்த வீட்டை இழந்து, மூன்று மாதம் தெருத் தெருவாக அலைந்தவர்கள். வேறென்ன செய்வார்கள்?

குட்டியைக் கண்டதும் நாகபூஷணம் முகத்தைச் சுளித்தார்.

"இது என்னா துன்னும்?"

"தயிர் சோறுதான் சார். இதுவும் சைவம்தான்."

சொன்னவளுக்கே சிரிப்பு வந்தது. நாலே நாளில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. பூரிக்கு வயிற்றால் போனது. விலா எலும்பு தெரிந்தது.

"வெறும் பாலும் தயிரும் குடுத்தா எப்படிம்மா?" என்று கால்நடை டாக்டர் கடிந்துகொண்டார். "தினம் ஒரு அவிச்ச முட்டையாவது குடு. இப்படியே வுட்டா தாங்காது."

அன்று சாயங்காலமே தள்ளுவண்டியில் ஒரு அவித்த முட்டை வாங்கி, காகிதத்தில் சுற்றி, கைப்பைக்குள் அடியில் ஒளித்து வந்தாள். வாசல் கேட் அருகே நாகபூஷணம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, பையில முட்டை வாசனை வருதே?"

"இ... இல்ல சார். மருந்துக் கடை வாசனை."

எதையோ மறந்தவள் போலத் திரும்பிப் போய் முட்டையைச் சாக்கடையில் எறிந்தாள்.

கடைசி மூன்று நாளாகப் பூரி தயிர் சோற்றை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாடிப் படியோரம் கட்டி, தட்டில் சோறு வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். திரும்பி வந்தால் சோறு வைத்தது வைத்தபடியே காய்ந்து கிடக்கும்.

"என் கையாலயே கொன்னுக்கினு இருக்கேங்க" என்று புருஷனிடம் அழுதாள்.

கோவர்த்தனன் பூரியின் முதுகைத் தடவிக் கொடுத்தான். "இன்னொரு வாட்டி வூடு தேட நம்மால ஆவாது காஞ்சனா. கறிக்கடை பக்கமா வுட்டுடு. உயிராவது மிஞ்சும்."

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கோழிக்கடை.

ஆட்டோ ரெண்டு ஸ்டாப் தாண்டவில்லை, அவளால் முடியவில்லை. வீடு போனால் மயிரே போச்சு என்று இறங்கித் திரும்ப ஓடினாள்.

"அண்ணா, குட்டி எங்கண்ணா?"

கடைக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் கறி வெட்டிக்கொண்டே சொன்னார். "நீ ஏறுன ஆட்டோ பின்னாலயே ஓடிச்சும்மா. ரோட்டுல வரிசையா பஸ்ஸு வந்துது. அப்புறம் நான் பாக்கல."

ஒரு மணி நேரம் தெருவெல்லாம், "பூரி! பூரி!" என்று கத்திக்கொண்டு அலைந்தாள். யாரோ ஒருவன், "எனக்கு ரெண்டு பிளேட்டு" என்று சொல்லிச் சிரித்தான். வண்டிகளுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பாலத்துக்குக் கீழே தேடினாள். எங்கேயும் இல்லை.

வீட்டுக்கு வந்து மாடிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் பாவி, நான் பாவி என்று மனசு அடித்துக்கொண்டது.

கீழிருந்து பூனை மாதிரி ஏறி வந்தாள் நாகபூஷணத்தின் மனைவி பத்மினி. ஒரு கை முந்தானைக்குள் இருந்தது.

"குட்டி எங்கம்மா? கயிறு மட்டும் கீது?"

"இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காதும்மா" என்றாள் காஞ்சனா.

"எனக்கென்னா தொந்தரவு?" பத்மினி எட்டிக் கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்தானைக்குள்ளிருந்து கிண்ணத்தை எடுத்தாள். உரித்த முட்டையில் இன்னும் ஆவி பறந்தது.

"நீ வேலைக்குப் போனதும் மூணு நாளா நான்தான் ஊட்டிக்கினு இருக்கேன். இன்னிக்கு நீ வூட்ல இருப்பியேன்னு யோசிச்சேன், ஆனா அவனைப் பட்டினி போட மனசு வரல. சார் காதுல போட்டுடாதம்மா. அவருக்குத் தினமும் ரெண்டு அவிப்பேன், இப்ப இவனுக்கும் சேர்த்து மூணா அவிக்கிறேன். ஆறிடப் போவுது, கூப்பிடு அவனை!"